வலி போய்விட்டது, கால் இன்னும் தேறவில்லை

அன்புள்ள தம்பி,

வாலிபாலில் வலைக்கு அடியில் எதிராளியின் பாதத்து மேல் இறங்கி, கால் உள்பக்கமாக மடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, அடுத்த வாரம் டோர்னமென்ட்டில் இறங்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம்.

எக்ஸ்ரே எடுத்தாயா என்று எழுதவில்லை. இரண்டு பக்கக் கணு எலும்பின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து 6 செ.மீ. மேல்வரை அமுக்கிப் பார். சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தி நிற்கும் எலும்பையும் அமுக்கு. எலும்பிலேயே வலித்தால் முதலில் எக்ஸ்ரே, மற்றதெல்லாம் பிறகு.

கால் அப்படி மடங்கும்போது வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் லிகமென்ட்தான் (எலும்போடு எலும்பைக் கட்டும் நார்) பெரும்பாலும் முதலில் கிழியும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. நார் ஆறிய பிறகும் அந்தச் சேதி மந்தமாகவே இருக்கும். கால் சரியும்போது வெளிப்பக்கத் தசை சட்டென்று இழுத்துப் பிடிக்காது. ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் விறைப்பைப் பார். சுவரிலிருந்து பெருவிரலைத் தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடு. எவ்வளவு தூரம் வரை தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்துகொள். நல்ல காலைவிட 2 செ.மீ. குறைந்தாலும் கால் விறைப்புதான். அதையே தினமும் 10 தடவை, மூன்று சுற்று செய்.

வெளிப்பக்கத் தசைக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறு முனையைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பு. திரும்பி வரும்போது மூன்று எண்ணும் வரை மெதுவாக விடு. 15 தடவை, மூன்று சுற்று. இதில் முக்கால்வாசிப் பேர் முட்டியையும் சேர்த்துத் திருப்புவார்கள். அப்போது வேலை செய்வது தொடைதான், கணுக்கால் சும்மா இருக்கும். முட்டியைக் கையால் பிடித்துக்கொள்.

ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பதுதான் முக்கியமான பயிற்சி. பல் துலக்கும்போதே செய்யலாம். ஆடாமல் நிற்க வந்ததும் சுவர் ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொள். அதுவும் பழகியதும் தலையணை மேல் நில், அப்புறம் அதன் மேல் நின்றபடியே சுவரில் பந்து எறிந்து பிடி. குதிகால் தூக்கும் பயிற்சியை இரண்டு காலில் ஆரம்பித்து ஒற்றைக் காலுக்குக் கொண்டுபோ. அப்புறம்தான் மெல்லோட்டம், குதித்தல், கடைசியாகப் பக்கவாட்டுத் தாவல். மறுநாள் காலையில் கணு வீங்கியிருந்தால் நேற்று செய்தது அதிகம், ஒரு படி இறங்கு.

முதல் மூன்று நாளில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருந்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடியிருக்கும். இனி நீவினால் சுகமாக இருக்கும், சேதி அனுப்பும் வேலை அதனால் திரும்பாது.

ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வந்த பிறகு கோர்ட்டுக்குப் போ. ஆறு வாரம்கூட ஆகலாம். போகும்போது கயிறு கட்டும் பிரேஸ் (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட்டுக்கொள். கணுவைச் சுற்றி ஒட்டும் டேப் அரைமணி ஆட்டத்திலேயே தளர்ந்துவிடும். இந்த சீசன் முழுக்க பிரேஸைக் கழற்றாதே.

அன்புடன்,
அண்ணன்