நாடிச் சுவரையும் வரையுங்கள்: சுகாதாரக் கையேடுகளை ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ்ச் சுகாதாரக் கையேடுகளை ஆக்கும் மருத்துவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி, தன் தந்தைக்குக் கிடைத்த, நாடிநோய் பற்றிய துண்டுப்பிரசுரமொன்றைக் கொண்டு வந்தாள். அதில், இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் நாடி ஒரு வெறுங்குழாயாகவும் கொழுப்பு அதை அடைக்கும் அழுக்காகவும் வரையப்பட்டிருந்தன. "கொலஸ்ரோல் கூடாதவருக்கு இந்த நோய் வராதா, சேர்?" என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை, 1886இல் ஆங்கிலேய மருத்துவர் ஹட்சின்சன் விவரித்த புரோஜீரியா என்னும் மிக அரிதான முன்முதுமை நோயில் இருக்கிறது. சிகிச்சை பெறாத அக்குழந்தைகள் சராசரியாகப் பதினான்கரை வயதளவில், பெரும்பாலும் மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ இறக்கிறார்கள்; ஆனால் அவர்களது கெட்ட கொலஸ்ரோல் பொதுவாக வழமையான அளவிலேயே இருக்கிறது. கலக் கருவின் உறையைத் தாங்கும் லமின் ஏ புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஓரெழுத்து மாறுவதே பெரும்பாலானோரில் காரணம் என்பது 2003இல் தெரியவந்தது. அதனால் 50 அமினோ அமிலங்கள் குறைந்த, புரோஜெரின் என்னும் பிறழ்ந்த புரதம் உருவாகி, அந்தக் கருவுறையில் ஒட்டிக்கொண்டு கருவின் வடிவத்தையே குலைக்கிறது.

இதன் தாக்கத்தை அதிகம் தாங்குவது, ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து சுருங்கும் நாடியின் நடுப்படையிலுள்ள மழமழப்பான தசைக் கலங்களே. அவை மடிந்த இடத்தை நார்ப்பொருள் நிரப்ப, சுவர் விறைத்துப்போகிறது. 2018இல் வெளியான ஆய்வொன்றில், கொழுப்புப் படியும் இயல்புள்ள எலிகளின் இந்தக் கலங்களில் மட்டும் புரோஜெரினை உண்டாக்கியபோதும் நாடிநோய் விரைந்தது. கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் பெருவிழுங்கிக் கலங்களில் மட்டும் உண்டாக்கியபோது அவ்வாறு நிகழவில்லை. வேறோர் ஆய்வில், நாடியின் உட்புறத்தை மூடும் அகவணிக் கலங்களில் புரோஜெரின் இருந்த எலிகளிலோ, நாடியைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியம் குறைந்து, இதயத்தில் நார்ப்பொருள் பெருகியது. முதுமையடையும் சாதாரண மனிதரின் நாடிகளிலும் சிறிதளவு புரோஜெரின் காணப்படுவதால், இது எங்கோ சில குழந்தைகளின் கதை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

கொழுப்பைக் குறைக்கச் சொல்வது சரியே. அதை நீக்க வேண்டாம். ஆனால் புகைத்தலும் உயர் குருதியமுக்கமும் அகவணியைக் காயப்படுத்துகின்றன என்பதை, சுவரில் கலங்களே இல்லாத படத்தைப் பார்க்கும் ஒரு தந்தை எப்படி விளங்கிக்கொள்வார்? அடுத்த பதிப்பில் சுவரை ஒற்றைக் கோடாக விடாமல், மூன்று படைகளாக, கலங்களோடு வரையுங்கள். 'அகவணி', 'மழமழப்பான தசை' ஆகிய சொற்கள் எங்கள் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ளவை. வரைவைப் பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர் தேவைப்பட்டால், எந்த மாலையும் வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை உயிரியல் ஆசிரியர் ஒருவர்