பழைய கோப்பும் புதிய கருவியும்

அன்பு மகளுக்கு,

திரை வடிவமைப்புக் கருவியான ஃபிக்மா இப்போதுதான் கைக்கு வந்தது, அதற்குள் ஏஐ வந்துவிட்டதே, இனி எதைப் படிப்பது என்று கேட்டிருந்தாய். பயம் நியாயமானதுதான். 1985இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 2001இல் 7.0 பதிப்போடு நின்றது. இணையத்தில் அனிமேஷன் ஓட்டிய ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள். ஆனாலும் ஒரு கருவி போனால் டிசைனருக்கு நஷ்டம் ஷார்ட்கட்கள் அல்லம்மா. அவை இரண்டு மாதத்தில் மறுபடி விரலுக்கு வந்துவிடும். திறக்க முடியாமல் போகும் கோப்புகள்தான் நஷ்டம்.

உன்னிடம் மறுபதிப்புக்கு வந்திருக்கும் கோயில் மலரையே எடுத்துக்கொள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், கோப்புக்குள் ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கிறது. எழுத்துருவை மாற்றினால் வரி முழுக்கக் குப்பையாகிவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது இரண்டு இடத்தில் பிசகும். ஒன்று, நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் கன்வெர்ட்டர் தமிழாக நினைத்துச் சிதைக்கும். அவற்றை முன்பே தனியாக எடுத்து வை. இன்னொன்று, ஔகாரம். பழைய முறையில் கொம்பு, க, ள என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்திருப்பார்கள். கன்வெர்ட்டர் அந்த ‘ள’வைத் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டால் ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் புரூஃபில் தப்பிவிடும். தேடும்போதுதான் சொல் கிடைக்காது.

மாற்றியதை அச்சுப் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் ஒட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பதறாதே. பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடு, சரியாகிவிடும்.

திரை வேலையிலிருந்து அச்சுக்குப் போகிறவர்கள் கறுப்பில்தான் மாட்டுவார்கள். திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு, அச்சுக்கான சிஎம்ஒய்கே ஆகும்போது நான்கு மையாகப் பிரியும். தாள் இம்மி நகர்ந்தாலும் 9 பாயிண்ட் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். வாசக எழுத்துக்குக் கே, அதாவது கறுப்பு மை, 100; மற்ற மூன்றும் பூஜ்யம். ஓரத்தைத் தொடும் படமும் நிறமும் வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீளட்டும், அதுதான் பிளீடு.

திரையில் கவனம் வேறு. தமிழில் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘கூ’வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போட்ட வரி உயரம் போதாது. 16 பிக்சல் எழுத்துக்கு 26 வைத்துப் பார். லெட்டர் ஸ்பேசிங்கைத் தொடாதே, கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காமல் எழுத்துக்கேற்ப அகலம் மாறும் ஆட்டோ லேஅவுட்டில் விடு. ‘லாகின்’ இருந்த இடத்தில் நாளைக்கு ‘உள்நுழைக’ வரும்.

ஏஐ படத்தை எழுத்தில்லாமல் வாங்கி, எழுத்தை நீயே வை. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு, அந்தக் கணக்கை அதனிடம் நம்பி விடாதே.

வேலை முடிந்ததும் மூலக் கோப்போடு நிறுத்தாதே. இன்டிசைன் என்றால் பேக்கேஜ் போட்டு, பழைய பதிப்பிலும் திறக்கும் ஐடிஎம்எல் கோப்பு, அச்சுக்குப் போன பிடிஎஃப், எழுத்துருக்கள், வாசகம் மட்டும் யூனிகோடு டெக்ஸ்ட் கோப்பாக, எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஃபிக்மாவின் லோக்கல் காப்பியை மட்டும் நம்பாதே, பிற மென்பொருளிலும் திறக்கும் எஸ்விஜியும் எடு. அப்போது ‘அவுட்லைன் டெக்ஸ்ட்’ டிக்கை எடுத்துவிடு. இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் வெறும் கோடாகிவிடும், பின்னால் ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது.

மலர் அச்சகத்துக்குப் போகும் முன் ‘கெள’ என்று ஒரு தடவை தேடு. மொத்தமாக மாற்றும் பட்டனை அழுத்திவிடாதே. ‘கெளுத்தி’ மீன் எங்காவது இருந்தால் அது சரிதான்.

அன்புடன்,
அப்பா