அப்பாவுக்கு, இங்கிலாந்தின் லிங்கனிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா அனுப்பிய வத்தல் நொறுங்காமல் வந்துசேர்ந்தது, சொல்லிவிடுங்கள். குளிர்தான் இன்னும் விடவில்லை.

"லீவு நாளில் என்ன செய்கிறாய்?" என்று போனில் கேட்டீர்கள். சிரிப்பீர்களே என்று மழுப்பிவிட்டேன். உங்கள் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. இங்கே தர்ம காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடைகள் உண்டு. அங்கே ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான நாவல்களை வாங்கி வந்து படிக்கிறேன். அட்டையில் கட்டாயம் ஒரு விமானம் தீப்பற்றி எரியும். பிரித்தால், நீங்கள் லெண்டிங் லைப்ரரியிலிருந்து கொண்டுவருகிற துப்பறியும் நாவல்களின் அதே வாசனை.

முதலில் பொழுதுபோக்காகத்தான் எடுத்தேன். வில்லன், துப்பாக்கி எல்லாம் சும்மா அப்பா. நம்மைப் பிடித்து உட்கார வைப்பது கணக்குதான். பெட்ரோல் எவ்வளவு மிச்சம், எந்த எஞ்சின் சூடாகிறது, கடலைத் தாண்ட இன்னும் எத்தனை நிமிடம். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். அதில் வால் பக்கத் துப்பாக்கிக்காரன் மட்டும் கடைக்கோடியில் தனியாக, உறையும் குளிரில், பல மணி நேரம் இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நைட் டியூட்டி பார்க்கிற எனக்கு அவனை நன்றாகப் புரிகிறது.

முப்பது முறை போய்வந்தால் ஓய்வு. ஆனால் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தே போனார்கள். இது கதை இல்லை. அந்தப் பெயர்களெல்லாம் இந்த ஊர்க் குன்றின் மேல் இரும்புச் சுவர்களில் இருக்கின்றன. இந்த ஜில்லா பெரும்பாலும் சமதரை, அதனால் அன்று எங்கு பார்த்தாலும் விமானத் தளம். திரும்பி வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெரிய தேவாலயத்தின் கோபுரம்தான் அடையாளமாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. போர்க்காலத்தில் சிறுமியாக இருந்தபோது, சாயங்காலம் கிளம்பும் விமானங்களை எண்ணுவாளாம். விடியற்காலை சத்தம் கேட்டால் படுக்கையிலிருந்தே மறுபடி எண்ணுவாளாம். "ஒருநாளும் கணக்கு சரியாக வந்ததில்லை" என்றாள். அவள் வீட்டில் இந்த மாதிரி நாவல் ஒன்றுகூட இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது லென் டெய்டன் 1970-இல் எழுதிய 'பாம்பர்'. ஒரே ஒரு நாளில் நடக்கிற கதை. விமானிகளோடு மட்டும் பறக்காமல், குண்டு விழப்போகிற ஜெர்மன் ஊரின் வீடுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறார். அப்புறம் யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. தேதி என்ன தெரியுமா? 1943 ஜூன் 31. எண்ணிப் பாருங்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு வரும் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உங்கள் பழக்கத்தை இதில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்