ஜனாதிபதியின் மேசையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திரைப்படங்களில் வரும் ஜனாதிபதிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு வெளியீட்டில் வந்த கட்டுரையை வாசித்தேன். விமானத்தில் சண்டை போடுபவர், வேற்றுக்கிரகவாசிகளை விரட்டப் போர் விமானம் ஓட்டுபவர் என்று வீரர்களுக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. எனக்கு அதில் ஒரு மனக்குறை.

'ஏர்போர்ஸ் வன்' 1997 இல் வெளிவந்த படம். கொழும்புக்கு வந்தபோது கந்தோரில் கூட வேலை செய்த இருவருடன் போய்ப் பார்த்தேன். ஜனாதிபதியாக வரும் ஹாரிசன் போர்ட் விமானக் கடத்தல்காரனைத் தீர்த்துக்கட்டும் இடத்தில் தியேட்டரே கைதட்டியது. நானும் தட்டினேன். படம் முடிந்து பஸ்ஸில் திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டு, கால் மணித்தியாலம் ஓரமாக நிற்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்கு இது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே நின்றபோது ஒன்று மனதில் பட்டது. எங்களை அந்த ஓரத்தில் நிறுத்தியது ஒரு கையெழுத்து. அவசரகாலப் பிரகடனத்தில் ஜனாதிபதி கையொப்பமிடுவார், அது வர்த்தமானியில் வரும், பாராளுமன்றம் மாதாமாதம் நீடிக்கும். நிறைவேற்று ஜனாதிபதியின் பலம் முழுவதும் அந்தப் பேனாவில்தான் இருக்கிறது. அதைப் படம் எடுப்பவர்கள் எத்தனை பேர்?

ஸ்பீல்பேர்க்கின் 'லிங்கன்' (2012) எனக்குப் பிடித்தது அதனால்தான். ஆப்பிரகாம் லிங்கனின் முழு வாழ்க்கையையும் அது சொல்லவில்லை. அடிமை முறையை ஒழிக்கும், அமெரிக்க அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்கு வாக்குச் சேர்த்த சில வாரங்களைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. யாருக்கு என்ன பதவி கொடுத்தால் வருவார், யாரை நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாக்காக எண்ணுகிறார்கள். 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119 க்கு 56 என்று நிறைவேறியது. படத்தில் ஒரு சின்னக் காட்சி உண்டு. போருக்குப் பயந்து தன் குதிரையை முடமாக்கிய 16 வயதுப் பையனுக்குத் தூக்கு. அந்தக் கடதாசி இரவில் லிங்கனின் கைக்கு வருகிறது. பயந்துபோன ஒரு பிள்ளையைத் தூக்கில் போட அவருக்கு மனம் வரவில்லை, மன்னிக்கிறார். அந்த இடத்தில் என்னால் மேலே பார்க்க முடியவில்லை, படத்தை நிறுத்திவிட்டேன்.

ஏனென்று சொல்கிறேன். நான் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தவன். மாலையில் வீட்டில் பெட்டிசம், அதாவது முறையீட்டு மனு, அடித்துக் கொடுப்பேன். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் தடுப்புக்காவலில். ஜனாதிபதிக்கு எழுத வேண்டும் என்றார். 'அதிமேதகு' என்ற சொல்லில் ஒரு எழுத்துப் பிழைத்தது, இறேசரால் அழித்துத் திரும்ப அடித்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவர் பார்க்கப்போற கடதாசி தம்பி, அழிச்ச அடையாளம் இருக்கப்படாது" என்றார். முழுப் பக்கத்தையும் புதுத் தாளில் மறுபடி அடித்தேன். அதன் பிறகு அவரை நான் காணவில்லை, பிள்ளை வந்தானா என்றும் தெரியாது.

அந்தக் கடதாசியின் கதையைத்தான் நான் படமாகப் பார்க்க ஆசைப்படுகிறேன். எந்தக் கடதாசிக் கட்டுக்குள் கிடந்தது, யார் மேலே எடுத்து வைத்தது, மேசைக்கு முன்னால் நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? மன்னிப்பு வழங்கும் அதிகாரம் நம் அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. 2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவிலில் 8 பொதுமக்களைக் கொன்ற குற்றத்துக்கு 2015 இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர் 2020 மார்ச்சில் அந்த அதிகாரத்தால்தான் வெளியே வந்தார். அந்தக் கையெழுத்துக்கு முந்திய மணித்தியாலங்களில் அறைக்குள் என்ன பேசப்பட்டது? செத்துப்போன எட்டுப் பேரின் பெயர்களை யாராவது உரத்து வாசித்தார்களா? எனக்கு இது நெஞ்சை அறுக்கிற கேள்வி.

தமிழகப் படங்களிடம் இதைக் கேட்க முடியாது. அங்கே குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் கையொப்பமிடுவார், கதையெல்லாம் முதலமைச்சரைச் சுற்றித்தான். நாமோ 1978 முதல் நிறைவேற்று ஜனாதிபதியின் கீழ் வாழ்கிறோம். அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பதவி விலகியது 1974 ஓகஸ்டில். அவரை வீழ்த்திய செய்தியாளர்களின் கதை 1976 இலேயே திரைக்கு வந்துவிட்டது. நம் படங்களில் ஜனாதிபதி, நான் பார்த்தவரை, கந்தோர்ச் சுவரில் மாட்டிய படமாகத்தான் வருகிறார். 2022 ஜூலை 9 அன்று சனம் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோதும் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றியது நீச்சல் குளமும் கட்டிலும். நான் மேசையைத் தேடினேன்.

சரி, குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை. கொழும்பில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால் உங்கள் பத்திரிகை மூலம் என்னைத் தொடர்பு கொள்ளலாம். பெட்டிசத்துக்கு எத்தனை பிரதி, பிரதி யார் யாருக்குப் போகும், தாய்மார் எந்தச் சொல்லைப் போடச் சொல்லிக் கேட்பார்கள் என்பதெல்லாம் சொல்லித் தருவேன். கார்பன் பிரதிகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. பெயர்களை மறைத்துக் காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13