அயர்ன் மட்டையால் பந்தை அள்ளச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் பழகுவோருக்காக அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் கோல்ஃபுக்கு இவ்வளவு இடம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டை பற்றியும், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் பற்றியும் எழுதியிருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தரையில் கிடக்கும் பந்தை அடிக்கிற இரும்புத்தலை மட்டையான அயர்ன் பற்றிய பத்தியில் ஒரு வரிதான் ஜீரணமாகவில்லை. "பந்து உயரமாக எழும்ப வேண்டுமானால் உடல் எடையைப் பின்காலில் வைத்து, மட்டையைப் பந்துக்கு அடியில் செலுத்தி மேல்நோக்கி அள்ளுங்கள்" என்று இருந்தது. இதை நம்பி மறுநாள் மைதானத்துக்குப் போனவர்கள் பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் அடித்திருப்பார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் உள்ள கோல்ஃப் மைதானத்தில் சின்ன வயதிலிருந்தே கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தவன். அப்பாவுக்கும் அதே வேலைதான். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது பை தூக்குவதில்லை, புதிதாகப் பழக வருகிறவர்களுக்குக் காலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். கையில் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் அடுத்தவர் அடித்த பந்தைப் பார்த்துக்கொண்டே வாழ்க்கையில் பெரும்பகுதியைக் கழித்தவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அயர்ன் மட்டையின் முகம் செய்யும்போதே பின்பக்கமாகச் சாய்த்துத்தான் செய்யப்படுகிறது. மட்டையின் எண் கூடக்கூடச் சாய்வும் கூடும். இப்போது கடைகளில் கிடைக்கும் 7 அயர்னில் இந்தச் சாய்வு, அதாவது லாஃப்ட், பெரும்பாலும் 28 முதல் 34 டிகிரி வரை இருக்கும். பந்தை மேலே தூக்குகிற வேலை அதனுடையது, நம்முடையது அல்ல. மட்டை கீழ்நோக்கி இறங்கி வந்து முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகுதான் புல்லைத் தொட வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களை ரேடாரில் அளந்து டிராக்மேன் நிறுவனம் வெளியிட்ட சராசரிக் கணக்கில், அவர்களுடைய 7 அயர்ன் ஏறக்குறைய 4 டிகிரி கீழ்நோக்கி வந்துதான் பந்தைச் சந்திக்கிறது. அப்படி வந்தும் பந்து மேலே ஏறி, நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று என்ற வேகத்தில் பின்னோக்கிச் சுழன்றுகொண்டு போகிறது. அந்தச் சுழற்சிதான் காற்றில் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, குழி இருக்கும் கிரீனில் விழுந்ததும் ஓடாமல் நிற்கவும் வைக்கிறது.

உடனே கோடாலி எடுத்து விறகு பிளப்பது போல இறக்கிவிடக் கூடாது. பெண்கள் டூரில் அதே 7 அயர்னின் சராசரி இறக்கம் 2 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவர்களுடைய பந்து காற்றிலேயே 140 கஜம் போகிறது. ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, வேகம் குறைந்த நம்மைப் போன்றவர்கள் ஆண்களைப் பார்ப்பதைவிட அந்த ஆட்டக்காரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

உங்கள் கட்டுரையாளர் டிரைவருக்குச் சொல்ல வேண்டியதை அயர்னுக்குச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். டிரைவரில் பந்து டீ என்கிற சின்ன ஆணி மேல் நிற்கிறது, மட்டை மேலேறும்போது சந்தித்தால் நல்லதுதான். தரையில் கிடக்கும் பந்துக்கு அது ஆகாது. மட்டைக்கும் பந்துக்கும் உள்ள தொடர்பு ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் எதையும் அள்ள முடியாது.

கேடிக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் சொல்கிறேன். அடித்தவர் பந்து எங்கே போகிறது என்று பார்ப்பார், கேடி புல்லில் விழுந்த வெட்டையும் ஒரு கண் பார்ப்பான். டிவட் என்று சொல்லும் அந்தப் புல்துண்டை எடுத்து வந்து பள்ளத்தில் வைத்து மிதிப்பது எங்கள் வேலை, அதனால் குனிந்துதான் ஆக வேண்டும். பந்து இருந்த இடத்துக்கு இலக்குப் பக்கமாகப் பள்ளம் தொடங்கியிருந்தால் ஐயா நன்றாக அடித்திருக்கிறார். பந்துக்குப் பின்பக்கமே தொடங்கியிருந்தால் முதலில் மண், பிறகு பந்து. அது பாதி தூரம்கூடப் போயிருக்காது. பள்ளமே இல்லாமல் பந்து தரையோடு உருண்டிருந்தால் மட்டையின் அடிவிளிம்பு பந்தின் வயிற்றில் பட்டிருக்கிறது. பள்ளத்தின் வாய் இலக்குக்கு இடதுபுறம் திரும்பியிருந்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்கே வந்திருக்கிறது. கைப்பிடி தாழ்ந்திருந்ததா, நிமிர்ந்திருந்ததா என்பதைப் பள்ளத்தின் எந்த ஓரம் ஆழம் என்று பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் இங்கே மண் ஊறிக் கிடக்கும்போது பின்பக்கம் அடித்தவர்களின் துண்டு செருப்பளவுக்குப் பெயர்ந்து வரும். நன்றாக அடித்தவர்களின் துண்டு மெலிதாக, வேர் தெரிய, இரண்டு மூன்று விரல் அகலத்தில் இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மண்ணை அடிப்பதும் பந்தின் தலையில் அடிப்பதும் எதிரெதிரான இரண்டு தவறுகள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எடை பின்காலிலேயே தங்கிவிட்டால் ஸ்விங்கின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. சில தடவை அந்த இடத்தில் மண் மாட்டிக்கொள்ளும். மற்ற தடவைகளில் மண்ணைத் தவிர்க்கக் கை தானாகவே மடங்கும், மேலேறத் தொடங்கிவிட்ட மட்டை பந்தின் தலையில் படும். பக்கத்தில் நிற்கிற நண்பர் உடனே "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார். பாவம், அவர் தலை அங்கேயேதான் இருந்திருக்கும். இந்த "தலையைத் தூக்காதே" என்ற ஒரே புத்திமதி கெடுத்த ஸ்விங்குகளுக்குக் கணக்கே கிடையாது. தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் உடம்பு திரும்பாது, எடை முன்காலுக்குப் போகாது, நோய் இன்னும் முற்றும். பின்காலில் சாய்ந்து முதுகை வளைத்து அள்ளுகிறவர்களில் பலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புத் தூளாலோ கோலப்பொடியாலோ புல்லில் ஒரு கோடு போடுங்கள். மைதானத்தாரிடம் கேட்டுக்கொண்டு, ஓரமான இடமாகப் பார்த்துப் போடுங்கள். கோட்டைப் பந்தாக நினைத்து நின்று, பந்தே வைக்காமல், 8 அயர்னால் அரை ஸ்விங் போடுங்கள். வெட்டு கோட்டிலோ அதற்கு இடப்பக்கமோ தொடங்க வேண்டும். பின்பக்கம் தொடங்கினால் அடுத்ததை இன்னும் வேகமாக அடிக்காதீர்கள், இடது காலில் இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே அழுந்துங்கள். மேலே தூக்கிய மட்டை இறங்கத் தொடங்குவதற்குள் இடது காலில் பாரம் தெரிய வேண்டும். பந்தைத் தொடும் நேரத்தில் கைகள் பந்தைத் தாண்டி இடது தொடைக்கு நேரே இருக்கும், மட்டையின் தண்டு இலக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். கடைசியில் பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கும், வலது குதிகால் மேலே நிற்கும். அந்த நிலையில் வலது காலை முழுவதும் தூக்கியும் தடுமாறாமல் நிற்க முடிந்தால் எடை சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.

கோட்டில் பழகியதும் பந்து வையுங்கள். பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு கைத்துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டு அசைந்தால் பிழை யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். 4 அயர்ன், 5 அயர்னைப் பைக்குள்ளேயே தூங்க விடுங்கள். அவை மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் பறித்துவிடும். பந்து நிற்கும் இடம் 8, 9 அயர்னுக்கு இரண்டு காலுக்கும் நடுவில், நீளமான அயர்னுக்கு ஒரு பந்தளவு முன்னால். மட்டையைப் பிடிக்கும் கிரிப் பற்றி உங்கள் கட்டுரையிலேயே நன்றாக இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பெரிய தடை செயற்கைப் புல் பாய்தான். சென்னையிலிருந்து வரும் ஐடி துறைத் தம்பி ஒருவர் அங்கே பயிற்சித் திடலில் வாரம் தவறாமல் அடிப்பவர். இங்கே வந்து அடித்தால் மண் கிளம்புகிறது. "அண்ணே, அங்க எல்லாமே நல்லாப் போகுது, இங்க மட்டும் ஏன் இப்படி?" என்றார். "சார், அங்கயும் இப்படித்தான் அடிச்சீங்க, பாய் உங்ககிட்ட சொல்லல" என்றேன். பாய்க்கு அடியில் இருப்பது கான்கிரீட். இரண்டு அங்குலம் பின்னால் இறங்கிய மட்டையும் அதில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் ஒப்புக்குப் பறக்கும். பிழை மறைந்துவிடும், மணிக்கட்டு வலி மட்டும் மிஞ்சும். பாயில்தான் பழக முடியும் என்கிறவர்கள் மேலே சொன்ன துண்டு முறையை அங்கேயும் வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தம்பிக்கும் துண்டுதான் கொடுத்தேன். முதல் சில அடிகளில் துண்டுதான் பறந்தது, பந்து அல்ல.

ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு மயக்கம் உண்டு. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் காற்று லேசானது. சமவெளியில் 140 கஜம் போகும் பந்து இங்கே 150ஐத் தொடும். ஒரே ராத்திரியில் ஸ்விங் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு மலை இறங்குவார்கள். நானும் எதற்கு வம்பு என்று சிரித்துவிட்டு விடுவேன். மட்டையில் அடித்திருக்கும் எண்ணை வைத்துச் சவால் விடுவதும் இப்படித்தான். எழுபதுகளில் வந்த 7 அயர்னின் லாஃப்ட் சுமார் 38 டிகிரி, இன்று சில கம்பெனிகளின் 9 அயர்ன் அந்தக் கணக்கில் வருகிறது. தாத்தா 7 அயர்னில் எவ்வளவு அடித்தார், பேரன் எவ்வளவு அடிக்கிறான் என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

எழுதியதைவிடப் படம் நன்றாகப் பேசும் என்பார்கள். 1950 அமெரிக்க ஓபனில், மெரியன் மைதானத்தின் கடைசிக் குழியில் அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1 அயர்ன் அடித்து முடித்து நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். முந்தைய ஆண்டு பேருந்து மோதிய கார் விபத்தில் உயிர் தப்பியவர், கால்வலியோடு ஆடியவர். அந்தப் படத்தில் எடை மொத்தமும் இடது காலில். வலது காலணியின் அடிப்பாகத்து ஆணிகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி வலிக்கிற உடம்போடு நின்றவரே பின்காலில் சாயவில்லை.

உங்கள் கட்டுரையோடு வந்த வண்ணப் படத்தையும் தயவுசெய்து மறுபடி எடுத்துப் பாருங்கள். படத்தில் இருக்கும் ஆட்டக்காரரின் கைகள் பந்தைத் தாண்டி முன்னால் இருக்கின்றன, புல் சிதறுவது பந்து இருந்த இடத்துக்கு முன்னால். பக்கத்துப் பத்தியில் எழுதியிருப்பதற்கு நேர் எதிராகத்தான் அவர் அடித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை இப்படி எழுதும்போது ஒரு கேடியிடமும் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள். டெல்லியில் கேடியாக வளர்ந்த அலி ஷேர்தான் 1991இல் இந்தியன் ஓபன் பந்தயத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர், 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய சி. முனியப்பா 2009இல் அதே கோப்பையை எடுத்தார். பை தூக்குகிறவனுக்கு ஆட்டம் தெரியாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போட்டுவிடுங்கள், அந்த வண்ணப் படத்தின் கீழேயே போட்டால் இன்னும் நல்லது. கட்டுரை எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் கோடு போட்டு நேரிலேயே காட்டுகிறேன். சுண்ணாம்பு என்னிடம் இருக்கிறது, காலணி மட்டும் அவர் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய கேடி,
உதகமண்டலம்.