முதலில் லயன் வீடு, அப்புறம் இந்தியா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரீட்சை நெருங்கினால் போதும், எங்கள் கோத்தகிரி ஸ்டேஷனரி கடைகளில் பிள்ளைகள் இந்தியா மேப், தமிழ்நாடு மேப் என்று கேட்டு வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கங்கைக்கு நீலம், தார் பாலைவனத்துக்கு மஞ்சள் அடித்து மார்க்கும் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் உன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வழி வரைந்து காட்டு என்றால் முழிக்கும். வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதுதான், தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னுடைய குறை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பொருளை மேலே இருந்து பார்த்து வரைவது என்பதே புதுசு. பெஞ்சை வரையச் சொன்னால் நாலு காலையும் நாலு பக்கம் நீட்டி வரையும். மேலே இருந்து பார்த்தால் கால் தெரியாதே என்று கேட்டால், "கால் இல்லாட்டி பெஞ்சு விழுந்திரும் டீச்சர்" என்று பதில் வரும். சரி, இருக்கட்டும், அழிக்கச் சொல்லாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் தீப்பெட்டி, டம்ளர், ரப்பர் எல்லாம் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுப் பொருளை எடுத்துவிடச் சொல்லுங்கள், தாளில் மிச்சம் இருப்பதுதான் மேப். இந்த விளையாட்டைக் கொஞ்ச நாள் விளையாடினால் பெஞ்சுக் கால் தானாகவே காணாமல் போகும். அப்புறம் வகுப்பறை, பள்ளிக்கூட மைதானம், வீட்டு வழி என்று ஒவ்வொன்றாகப் போகலாம்.

வீட்டு வழி என்று வரும்போதுதான் மலையில் சிக்கல். பாடத்தில் தெரு நேராகப் போய் இடது பக்கம் திரும்பும். இங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில், ஒரு லயன் வீட்டுக் கூரையும் அடுத்த லயன் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கும், நடுவில் படிக்கட்டு. இதைத் தட்டைத் தாளில் எப்படிக் காட்டுவது என்று பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பெண் படிக்கட்டை ஏணி மாதிரி வரைந்தாள். ஒரு பையன் ஏற்றத்தில் அம்புக்குறி போட்டு 'மூச்சு வாங்கும்' என்று எழுதியிருந்தான். சர்வேக்காரர்களிடம்கூட இப்படி ஒரு குறியீடு கிடையாது!

தூரம் அளக்கக் காலடி எண்ணச் சொன்னாலும் தகராறுதான். இலை எடை போடும் ஷெட்டிலிருந்து பள்ளிக்கு ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது அதைவிடக் குறைவாக இன்னொரு கணக்கு. ஏற்றத்தில் காலடி சின்னதாகிவிடுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மேப்பில் காட்டுவது சரிவில் நடந்த தூரத்தை அல்ல, மேலே இருந்து பார்த்த மட்டமான தூரத்தை மட்டும்தான் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

திசைக்கு அவசரம் வேண்டாம். காலைச் சூரியனைப் பார்த்து நில் என்பார்கள், ஐப்பசி கார்த்திகை மூட்டத்துக்குள் சூரியனை எங்கே போய்த் தேடுவது? தொட்டபெட்டா சிகரம் இருக்கும் பக்கம் மேற்கு என்பது கோத்தகிரிப் பிள்ளைக்குப் போதும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டால் நம்ம ஊர் உருளைக்கிழங்கு இருக்கிறது. பாதியாக நறுக்கித் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் வைத்தால் ஒரு குன்று. மேலிருந்து அடிவரை இரண்டு ஈர்க்குச்சி குத்தித் துளை போட்டுக்கொண்டு, குச்சியை எடுத்துவிட்டு, படுக்கைவாட்டில் ஒரே கனத்தில் வில்லை போட வேண்டும். அடி வில்லையிலிருந்து தொடங்கி, துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி ஒரே தாளில் ஒவ்வொன்றையும் வைத்துச் சுற்றி வரைந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் வரும். கிழங்கு செங்குத்தாக இருந்த பக்கம் கோடுகள் நெருங்கியிருக்கும், சாய்வான பக்கம் விலகியிருக்கும். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கிற சமஉயரக் கோடு என்பது அவ்வளவுதான். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 மேப்பில் (தாளில் ஒரு செ.மீ. என்றால் தரையில் அரை கிலோமீட்டர்) பழுப்பு நிறத்தில் ஓடுவதும் இதே கோடுகள்தான், பெரும்பாலும் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. பிற்பாடு காலேஜில் இதை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

போனில்தான் மேப் இருக்கிறதே என்று பெற்றோர் கேட்கிறார்கள். தேயிலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதை, காட்டெருமை வந்து நிற்கிற வளைவு, மழை பெய்தால் தண்ணீர் இறங்கும் ஓடை, இதில் எத்தனை அந்தப் போனில் இருக்கிறது? 2009 நவம்பர் மண்சரிவு எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை நீலப் பென்சிலால் வரைந்து வந்தால் பெரியவர்களும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் வண்ணம் தீட்டப் படம் தருகிறீர்கள். மாதம் ஒருமுறை அந்த இடத்தில் ஒரு பிள்ளை வரைந்த மேப்பைப் போடுங்களேன். கோணல்மாணலாக இருந்தாலும் திருத்தாமல் போடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: எது எந்தப் பிள்ளையின் வீடு என்று தெரிகிற மாதிரி பெயர், முகவரி எதுவும் அச்சாக வேண்டாம், வகுப்பும் ஊரும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கோத்தகிரி