புழுங்கல் ஆலைக்குப் புளோயர் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெல்டாவில் புழுங்கல் அரிசி ஆலைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்போது கொட்டேஷன்தான் முதலில் வருகிறது. தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது கடைசியில். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வைக்கிற, புளோயர் என்ற இயந்திரத்தால் காற்றூட்டும் தொட்டியையே ஊறல் தண்ணீருக்கும் (நெல் ஊறவைத்து வடித்த தண்ணீர்) வைத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாக்கடையின் பிஓடி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம். ஊறல் தண்ணீரின் சிஓடி (அழுக்கை ரசாயனத்தால் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்) பல ஆயிரம் போகும்.

டன் நெல்லுக்குச் சுமார் ஆயிரம் லிட்டர் வடியும். தினம் 40 டன் ஊறப்போடும் ஆலையில் சிஓடி லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 120 கிலோ சிஓடி. அத்தனையையும் காற்றடித்தே கரைப்பதென்றால் கரண்ட் பில் தாங்காது. போதாததற்கு, சர்க்கரைச் சத்து மிகுந்து ஆக்சிஜன் குறையும் தொட்டியில் நூல் போன்ற பாக்டீரியா பெருகும். கசடு அடியில் படியாமல் பஞ்சுபோல் மிதந்து வெளியேறும். நுண்ணுயிருக்குச் சத்து போதவில்லை என்று உடனே யூரியாவைக் கொட்டுவார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவு பார்க்காமல் கொட்டிய யூரியா வாய்க்காலில் பாசியாக வளரும், அவ்வளவுதான்.

ஆலையோ நெல் வரத்தைப் பொறுத்து ஓடும், நிற்கும். காற்றூட்டும் தொட்டியின் நுண்ணுயிர்கள் சில நாள் பட்டினியிலேயே நொடித்துப்போகும். காற்றில்லாத் தொட்டியில் உருவாகும் குருணை போன்ற கசடு, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் தீனி வந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் இங்கே முதலில் யுஏஎஸ்பி (கழிவுநீர் அடியிலிருந்து கசடு வழியாக மேலேறும் காற்றில்லாத் தொட்டி), அதன் பின்னால் சிறிய காற்றூட்டும் தொட்டி என்ற வரிசையே பொருந்தும். சிஓடியில் 80 சதவீதம் போனால் மேற்படி ஆலையில் தினம் 30 கனமீட்டருக்கு மேல் மீத்தேன் உண்டாகும். அதில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்தே போய்விடும்.

இதிலும் சிக்கல் உண்டு. சூடாக வடியும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். பதரும் உமியும் போகாதபடி 2 மில்லிமீட்டர் சல்லடை வேண்டும். இல்லாவிட்டால் அடியிலுள்ள பகிர்வுக் குழாய்கள் அடைத்து, தண்ணீர் ஒரே பக்கமாக ஏறும். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறியது புளித்து, பிஎச் 5-க்கும் கீழே இறங்கியிருக்கும். யுஏஎஸ்பிக்கு முன்னால் தண்ணீரைத் தேக்கிச் சீராக்கும் சமன்தொட்டியிலேயே அதை 7-க்குக் கொண்டுவர வேண்டும். பிஎச் மட்டும் பார்த்தால் போதாது: யுஏஎஸ்பி தொட்டிக்குள், நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஆவியாகும் அமிலத்துக்கும் அதைத் தாங்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.3-ஐத் தாண்டினால் தண்ணீர் வரத்தைக் குறைக்க வேண்டும், பிஎச் விழுந்த பிறகு குறைத்தால் காலம் கடந்துவிடும். தொடக்கத்தில் கால் பங்கு வரத்தே போதும்; கசடு பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சுத்திகரித்த தண்ணீரை நீர்நிலையில் விட பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், பாசனத்துக்கு 100-க்குள் இருக்க வேண்டும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிய பிறகும் சம்பா நெல் அரவை நடக்கிறது. அப்போது வாய்க்காலில் கலந்து ஓட ஆற்றுத்தண்ணீர் கிடையாது. நிலையத்தின் கணக்கை அந்த மாதங்களுக்கே போட வேண்டும்.

கட்டுமானத்தில் ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி ஊற்று மேலேறி நிற்கும்போது தரைக்கடியில் உள்ள தொட்டியைக் காலி செய்யக் கூடாது. எடை போதாத கான்கிரீட் தொட்டி மேலெழும்பிக் குழாய்களை ஒடித்துவிடும்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணியாளர்கள் சிலர்,
கும்பகோணம்.